ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டும் தராசைப் பழுது பார்க்காமல் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
கா. அப்துல் மஜீத்,
மஜீத் புளி, கடுக்காய் மண்டி,
ரயில் நிலையச் சாலை,
சின்னசேலம், கள்ளக்குறிச்சி வட்டம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்னாற்காடு மாவட்டம்,
கடலூர்.

பொருள்: பறிமுதல் செய்யப்பட்ட மேடைத் தராசு ஒன்றை, அதன் குறையோடு அப்படியே, ஒரே ஒரு நாளைக்கு என் மண்டிக்கு அனுப்பி உதவ வேண்டுதல் – காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்த பெண் தொழிலாளி மருந்தை நிறுத்திவிட்டது – தொடர்பாக.

பார்வை: எடையளவு ஆய்வாளர் அவர்களின் பறிமுதல் ரசீது, நாள் 19.01.1988.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புளியும் கடுக்காயும் தேனும் வாங்கி விற்றுவரும் வியாபாரி. திருக்கோவிலூரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, சைக்கிளில் கல்வராயன் மலையடிவாரம் வரை போய்க் கடுக்காய் கட்டிக்கொண்டு வந்து முன்னுக்கு வந்தவன். இந்த மனுவை எழுத முதலில் கள்ளக்குறிச்சியில் மனு எழுதுபவர் ஒருவரிடம்தான் போனேன். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "தராசு சரியாத்தான் இருந்திச்சின்னு ஒரே வரி எழுதிடலாம் பாய், மத்ததெல்லாம் எதுக்கு?" என்றார். தராசு சரியாக இல்லை. அதனால் எழுந்து வந்து நானே எழுதுகிறேன். சொல்லில் பிழை இருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தராசு ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டும். அது எனக்குச் சென்ற அக்டோபர் இரண்டாம் தேதியிலிருந்தே தெரியும். ஆய்வாளர் அவர்கள் அதை எடுத்துச் சென்றது சட்டப்படி சரி. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது சரியான தராசு என்று சான்று கேட்டும் நான் வரவில்லை. அதைத் திருத்தாமல், உடைக்காமல், தப்பான தராசாகவே ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் உயிர் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எப்படி என்பதை விளக்கக் கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும்.

3. 1979ஆம் ஆண்டு மாசி மாதம். மலைப்புளி வந்து குவியும் நேரம். என் மண்டியில் சுமை தூக்கிய பாவாடை என்பவர் லாரிப் பலகையில் ஏறும்போது மூட்டையோடு சாய்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து மருத்துவரிடம் தூக்கிப் போனோம். அந்த மருத்துவர் நாடி பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார். "மூட்டை எத்தனை கிலோ?" என்றார். அறுபது என்றேன். "ஆள் எத்தனை கிலோ?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "புளிய நிறுத்து நிறுத்து வாங்குறீங்களே பாய், ஒரு தடவ ஆளையும் அதே தராசுல ஏத்திப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் ஏற்றிப் பார்த்தேன். பாவாடை நாற்பத்திரண்டு கிலோ இருந்தார். அவரைவிடப் பதினெட்டு கிலோ கூடுதலான மூட்டையைத் தினமும் நாற்பது தடவை அவர் முதுகில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நயா பைசா எடைக்குக் கூடத் தகராறு செய்கிற எனக்கு, இந்தக் கணக்கு மட்டும் அதுவரை கண்ணில் படவே இல்லை.

4. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு மண்டி மூடுவதற்கு முன், மண்டியில் வேலை செய்யும் அத்தனை பேரும் ஆணும் பெண்ணுமாக வரிசையில் வந்து மேடைத் தராசில் ஏறி நிற்க வேண்டும். எடையை நோட்டில் பேருக்கு நேரே எழுதுவேன். போன மாதத்தைவிட ஒரு கிலோ ஏறியவருக்குப் பரிசு உண்டு: ஒரு டஜன் முட்டை, அல்லது ஒரு படி வேர்க்கடலை, அல்லது நல்ல துண்டு ஒன்று. அவரவர் இஷ்டம். முந்தின ராத்திரி குடித்துவிட்டு வந்தவருக்கு அந்த மாதம் தராசில் இடமில்லை. நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே உள்ளவர் மூட்டை தூக்கக் கூடாது. அதே கூலிக்கு உட்கார்ந்து கொட்டை எடுக்கலாம். நோயிலிருந்து தேறி வருகிறவருக்கு என்று தனியாக ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டினால் எவர்சில்வர் குடம்.

இதைத் தருமம் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. வியாபாரத்துக்கும் நல்லதாகவே இருந்தது. முன்பெல்லாம் மழைக்காலத்தில் பாதி ஆள் காய்ச்சலில் படுத்துவிடும், லாரி காத்து நிற்கும். இரண்டு வருடத்தில் அது குறைந்துபோயிற்று. பக்கத்து மண்டிக்காரர்கள், "ஒடம்பு ஏத்தறதுக்குப் பரிசா? கூலி குட்த்தா பத்தாதா?" என்று சிரித்தார்கள். அடுத்த சீசனில் அவர்களிடமிருந்த நல்ல ஆட்கள் என்னிடம் வந்து நின்றார்கள்.

5. ஐயா, அந்த வெள்ளிக்கிழமைகளை இப்போது நினைத்தால் மனது எங்கேயோ போய்விடுகிறது. முதல் நாளே பேச்சு ஆரம்பித்துவிடும். காலையில் எவனாவது ஒரு செம்பு மேல் ஒரு செம்பாகக் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான், எடை ஏறுவதற்கு. கொட்டை எடுக்கும் ராஜாம்பாள் என்ற அம்மாள் ஒரு தடவை தராசில் ஏறியதும், ஒரே மாதத்தில் நாலு கிலோ ஏறியிருந்தார். எனக்குச் சந்தேகம். மடியில் என்னம்மா என்றேன். "பொம்பள மடியில இன்னா இருந்தா உனுக்கு இன்னா பாய்?" என்று சத்தம் போட்டுக்கொண்டே கீழே இறங்கினார். இறங்கின வேகத்தில் மடி அவிழ்ந்து, புளியங்கொட்டை தரையெல்லாம் கொட்டி உருண்டது. என் புளியங்கொட்டைதான். கூட்டம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. ராஜாம்பாள் மட்டும் சிரிக்காமல், "நாலு கிலோ ஏத்தனது தப்பு, ஒன்னோட நிறுத்தியிருக்கணும்" என்றார். அன்றைக்கு அவருக்கு ஒரு துண்டு கொடுத்தேன், அவர் வாய்க்காக.

என் மனைவி ஷர்புன்னிசா அன்று காலையில் பெரிய அண்டாவில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி அனுப்புவார். ஆனால் எடை பார்த்த பிறகுதான் ஊற்றுவது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் அண்டாவே தராசில் ஏறிவிடும்.

6. செவ்வந்தி என்பவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். அவர் கணவர் சின்னக்கண்ணு என் மண்டியில் மூட்டை தூக்குகிறார். புளி நாட்களில் செவ்வந்தியும் கொட்டை எடுக்க வர, இருவரும் கீழே தங்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் சின்னக்கண்ணு மட்டும் வந்து போவார். செவ்வந்தி இருமுவார், மலைக்குளிர் என்பார். வாயைத் திறந்து குறை சொல்லும் சுபாவம் இல்லை. தராசுதான் சொன்னது. மூன்று மாதத்தில் முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தாறு, பிறகு முப்பத்துநாலு. 1987 பிப்ரவரி வெள்ளிக்கிழமை அந்த முப்பத்துநாலை எழுதின கையோடு, அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். சளி எடுத்துப் பார்த்துக் காசநோய் என்றார்கள். முதல் இரண்டு மாதம் ஊசி, மொத்தம் பதினெட்டு மாதம் மாத்திரை. ஒரு நாள் கூட விடக் கூடாது என்றார்கள்.

மாத்திரையை மருத்துவமனையிலிருந்து வாங்கி வைத்து, மாதாமாதம் எடை பார்க்கும் வெள்ளிக்கிழமையில் அவரிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, வேண்டாம் என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார். தராசில் ஏறி, அரை கிலோ கூடியிருப்பதைப் பார்த்துவிட்டால் பேசாமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார். மருத்துவர் சொல்லுக்கோ என் சொல்லுக்கோ அவர் மாத்திரை சாப்பிடவில்லை. தராசின் சொல்லுக்குத்தான் சாப்பிட்டார். செப்டம்பர் 4ஆம் தேதி அவர் முப்பத்தாறு கிலோ. அவருக்கு நான் வைத்த எல்லை நாற்பது.

7. அந்தச் செப்டம்பர் மாதம்தான் இட ஒதுக்கீட்டுக்கான ஒரு வாரச் சாலை மறியல் நடந்தது. அந்த நாட்களில் மாவட்டம் எப்படி இருந்தது என்பது தங்கள் அலுவலகத்துக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பல இடங்களில் உயிர்கள் போயின. அந்தப் போராட்டத்தின் நியாய அநியாயம் பேச நான் இந்த மனுவை எழுதவில்லை.

பதினேழாம் தேதி விடியற்காலையில் என் மண்டி மேஸ்திரி கந்தசாமி எட்டுப் பேரோடு வந்தார். பத்து வருடமாக என்னிடம் வேலை செய்கிறவர், மறியலில் முன்னால் நின்றவர். "சேலம் ரோட்ல மரம் பத்தல பாய். லாரி ஓரங்கட்டிக்கினு பூந்து பூட்றான். ஒங்க தராசு மிஷின் நல்ல கனம். ஒரு வாரம் குட்த்தீங்கன்னா பத்ரமா கொண்ணாந்து வச்சிட்றோம்" என்றார். ஊரில் வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "ஒங்க புளி லாரியே நின்னுக்கினு கீது. இது மட்டும் சும்மா இருந்து இன்னா பண்ணப் போவுது?" என்றார். சரி என்றேன். தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த ஒரு வாரமும் என் தராசு சேலம் சாலையின் நடுவில் நின்றது. சாயங்காலங்களில் நான் நடந்து போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவேன். அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். படுத்துத் தூங்கினார்கள். பாதுகாப்புக்கு வந்த காவலர் ஒருவர் கூட, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பூட்ஸோடு ஏறி எடை பார்த்துக்கொண்டார். இருபத்துநாலாம் தேதி கந்தசாமி சொன்ன சொல் தவறாமல் கொண்டுவந்து வைத்தார். ஒரு கீறல் இல்லை என்று அவரே தடவிக் காட்டினார். எடை காட்டும் தண்டின் நுனியில் இருக்க வேண்டிய, சமன் செய்கிற சின்ன உருண்டை கழன்று எங்கோ விழுந்துவிட்டது என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

8. அதற்குப் பிறகு மண்டியில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மறியலுக்குப் போனவர்கள் ஒரு பக்கம், போகாத காலனி ஆட்கள் ஒரு பக்கம். கூழ் அண்டாவுக்குக் கூடத் தனித்தனியாக வந்தார்கள். கந்தசாமியும், காலனியைச் சேர்ந்த அம்மாசி என்பவரும் பல வருடமாக ஒரே மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கினவர்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே மூட்டை தூக்கினார்கள். எட்டு நாள் அப்படிப் போனது. கூட்டாக வேலை செய்கிற இடத்தில் அது எவ்வளவு கனம் என்பதை மண்டி வைத்திருப்பவனைக் கேட்டால் சொல்வான்.

அக்டோபர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, எடை பார்க்கும் நாள். கந்தசாமி முதலில் ஏறினார். ஐம்பத்தெட்டு இருந்தவர் ஐம்பத்தொன்பதரை. அடுத்து அம்மாசி. அவரும் ஒன்றரை கிலோ கூட. அம்மாசி கீழே இறங்காமல் தராசின் மேலேயே நின்றுகொண்டு, எட்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகக் கந்தசாமியைப் பார்த்துப் பேசினார்:

"ஒரு வாரமா வேல வெட்டி இல்ல, அர வயித்துக் கஞ்சி. எப்பிடி மேஸ்திரி ஒடம்பு ஏறும்?"

கந்தசாமி, "நான் ரோட்ல படுத்து நல்லாத் தூங்கனேன், ஏறிச்சி" என்றார்.

"நான் வூட்ல படுத்தே ஏறிக்கீறனே! நீ போராடி ஒன்றர, நான் போராடாம ஒன்றர. பாரு, பாய் மிஷினு ரெண்டு பேருக்கும் சரிபங்கு குட்த்திச்சி."

 முதலில் சிரித்தது கந்தசாமி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் மண்டியே சிரித்தது. அடுத்தடுத்து ஏறியவர்களுக்கெல்லாம் எடை ஏற ஏற, "உனுக்கும் பங்கு வந்திச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். கூழை எல்லோரும் ஒன்றாக நின்று குடித்தார்கள். ஐயா, என் வாழ்க்கையில் எத்தனையோ நல்ல விலை பார்த்திருக்கிறேன். அந்தக் காலையைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை.

9. இருபத்துமூன்று பேரும் ஒரே மாதத்தில் ஒன்றரை கிலோவுக்குக் குறையாமல் ஏறினால் வியாபாரிக்கு என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது ஆள் ஏறும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு தட்டில் எதுவும் வைக்காமல் தண்டை விட்டுப் பார்த்தேன். காலித் தட்டே ஒன்றரை கிலோ காட்டியது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பு பொய்யாகிவிடும், மறுபடி இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள் என்று பயந்தேன். இருபத்துமூன்று பேருக்கும் பரிசு கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் அதே ஒன்றரை கிலோவோடுதானே நிற்பார்கள், ஏறினால் ஏறினதுதான், இறங்கினால் இறங்கினதுதான், யாருக்கும் வஞ்சமில்லை என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். சரக்குக்கு முத்திரையிட்ட வேறு தராசு முன்கட்டில் இருக்கிறது. இந்தத் தராசில் அதன் பிறகு ஒரு கிலோ புளி கூட நிறுக்கவில்லை. பின்கட்டுக்குத் தள்ளி, ஆட்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நான் யோசிக்காமல் விட்டது செவ்வந்தியை. அன்று அவர் முப்பத்தெட்டு காட்டினார். உண்மை முப்பத்தாறரை. ஒரே மாதத்தில் இரண்டு கிலோ என்று அவர் நம்பினார். அதன் பிறகு மாத்திரை வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஜனவரி முதல் தேதி, வெள்ளிக்கிழமை, நாற்பத்தொன்று காட்டினார். உண்மை முப்பத்தொன்பதரை. எல்லையைத் தாண்டிவிட்டதாகக் குடத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தார். இன்னும் அரைக் கிலோதானே, அடுத்த மாதம் நிஜமாகவே தாண்டிவிடுவார், முன்பணம் கொடுத்ததாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

10. ஜனவரி 19ஆம் தேதி எடையளவு ஆய்வாளர் அவர்கள் வந்தார்கள். என் மண்டியில் தப்புத் தராசு இருப்பதாக மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. காலித் தட்டைச் சோதித்தார்கள்; ஒன்றரை கிலோ. ஆட்களை நிறுக்க வைத்திருக்கிறேன் என்றேன். வியாபார இடத்தில் இருக்கும் தராசு வியாபாரத் தராசுதான் என்று சட்டத்தைக் காட்டினார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ரசீது கொடுத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

11. பிப்ரவரி 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை. தராசு இல்லை என்று அந்த மாதம் நிறுத்தியிருக்கலாம். பழக்கத்தை விட மனம் வராமல், முன்கட்டில் இருந்த சரக்குத் தராசிலேயே எல்லோரையும் ஏற்றினேன். இது நான் செய்த இரண்டாவது தப்பு. எல்லோருக்கும் எடை இறங்கிக் காட்டியது. வாட்டசாட்டமானவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செவ்வந்தி ஏறினார். நாற்பது. அது நிஜமான நாற்பது, ஐயா. உண்மையில் போன மாதத்தைவிட அவர் அரைக் கிலோ ஏறியிருந்தார். உண்மையில் அன்றுதான் எல்லையைத் தொட்டார். ஆனால் அவர் கண்ணுக்கு நாற்பத்தொன்று நாற்பதாகிவிட்டது. மருந்து ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவை கூட அவர் எடை இறங்கினதில்லை. தராசிலிருந்து கீழே இறங்கினார். நான் பேச வாயெடுப்பதற்குள் போய்விட்டார். மாத்திரைப் பொட்டலம் மேஜை மேலேயே கிடந்தது. நாலு நாள் கழித்துச் சின்னக்கண்ணு அந்தக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். "வூட்டுல வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா பாய். எறங்கினவளுக்கு எதுக்குப் பரிசுன்னா" என்றார்.

12. பிப்ரவரி 21ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நானும் கந்தசாமியும் மலைக்குப் போனோம். வெள்ளிமலை வரை பேருந்து, பிறகு நடை. எனக்கு ஐம்பத்தாறு வயது. நான்கு இடத்தில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். செவ்வந்தி சாமை புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரப் பலகை போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தராசு தப்பு, எனக்கு அப்போதே தெரியும், உன் உடம்பு இறங்கவே இல்லை, ஏறித்தான் இருக்கிறது என்றேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. "நீங்க நல்லவரு பாய். என்ன மாத்திர திங்க வெக்கிறதுக்காவ இன்னா வேணா சொல்லுவீங்க" என்றார்.

கந்தசாமி, "நாங்கதாம்மா அத ரோட்ல போட்டு ஒடச்சோம், சத்தியமா. போலீசுக்காரரு கூட பூட்ஸோட ஏறி நின்னாரு" என்றார்.

"ஒடஞ்ச மிஷினா இருந்தா, போலீசுக்காரரு ஏறி நின்னாருன்னு சொன்னியே, அப்பவே அவரு சொல்லியிருக்க மாட்டாரா?" என்று கேட்டார். கந்தசாமி ஊர் நியாயம் பேசுவதில் பெயர் வாங்கியவர். அவரே என் பக்கம் திரும்பிப் பார்த்தார். மருத்துவமனைத் தராசில் ஏறிப் பார்க்கலாம் வா என்றேன். அதுவும் நாற்பதுதானே காட்டும் என்றார். அதுவும் சரிதான்.

கிளம்பும்போது வாசல் வரை வந்து ஒன்று சொன்னார். "அந்தப் பழைய மிஷின மறுக்கா கொண்ணாந்து வையுங்க. காலியா இருக்கச்சொல்லவே ஒன்றர காட்டுதுன்னு என் கண்ணால பாத்துட்டன்னா, நீங்க சொல்றத நம்பறேன். மாத்திரையும் திங்கறேன்."

மார்ச் 4ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.

13. அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். பன்னிரண்டு மாத மருந்து உள்ளே போயிருக்கிறது, நன்றாகத் தேறிக்கொண்டிருந்தவர், இந்த நேரத்தில் நிறுத்தினால் நோய் திரும்பும், திரும்பினால் இதே மாத்திரை அடுத்த தடவை கேட்காமல் போகலாம் என்றார். இப்போதே ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. இதுவரை போனதை ஈடுகட்டலாம், இன்னும் இழுத்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுத்திலும் கொடுத்திருக்கிறார். இருமல் மறுபடி ஆரம்பித்துவிட்டதாகப் போன வாரம் சின்னக்கண்ணு சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

14. பறிமுதல் செய்த தராசுகளை மார்ச் மாதக் கடைசிக்குள் உடைத்து இரும்பாக ஏலம் விடுவார்கள், அல்லது பழுது பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள் என்று கேள்விப்படுகிறேன். உடைத்தாலும் போயிற்று, சரிசெய்தாலும் போயிற்று. செவ்வந்திக்குக் காட்ட வேண்டியது அதன் குறையைத்தான். ஆகவே தங்களைப் பணிந்து வேண்டுவது:

அந்தத் தராசில் யாரும் கை வைக்காதபடி உடனே உத்தரவிட வேண்டும். எந்தக் கிழமையானாலும் சரி, தாங்கள் சொல்லும் ஒரு நாளில், ஆய்வாளர் அவர்கள் முன்னிலையில், அதை என் மண்டியில் ஒரு மணி நேரம் வைக்க அனுமதிக்க வேண்டும். ஏற்றி இறக்கும் வண்டி வாடகை என்னுடையது. வேலை முடிந்ததும் ஆய்வாளர் அவர்களே எடுத்துப் போய் உடைத்துக்கொள்ளட்டும். எனக்கு அது திரும்ப வேண்டாம்.

வெளியே அனுப்ப விதியில் இடமில்லை என்றால், அது இருக்கும் கள்ளக்குறிச்சிக் கிடங்கின் கதவை எங்களுக்காக அரை மணி நேரம் திறந்துவிட உத்தரவிட்டாலும் போதும். செவ்வந்தியைக் கள்ளக்குறிச்சிக்கு வண்டி வைத்துக் கூட்டி வருகிறேன். மற்ற இருபத்திரண்டு பேரும் வருவார்கள். கந்தசாமியும் அம்மாசியும் ஒன்றாக வந்து பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குற்றத்துக்கு எவ்வளவு அபராதம் விதித்தாலும் தடை சொல்லாமல் கட்டுகிறேன். மொட்டைக் கடிதம் எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்ததால் இரண்டு மாதம் தராசில் இடம் கிடைக்காதவர். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அவரைத் தேட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

15. அன்று எல்லோர் முன்னிலையிலும் காலித் தட்டைக் காட்டி, "இது எனக்கு அக்டோபரிலேயே தெரியும், மறைத்தேன்" என்று நானே சொல்வேன். இதுவரை யாரும் என்னை அப்படி நிற்க வைத்ததில்லை. அதற்குப் பிறகு என் தராசை அவர்கள் நம்புவார்களா, அந்த வெள்ளிக்கிழமைகள் மறுபடி வருமா என்று எனக்குத் தெரியாது. அது போனால் போகட்டும். செவ்வந்திக்கு மட்டும், தான் தேறிக்கொண்டுதான் இருந்தோம் என்பது தெரிய வேண்டும். அதை அவர் நம்பும்படி சொல்லக்கூடியது இந்த மாவட்டத்தில் தற்போது அந்த ஒரு தப்புத் தராசுதான். அது தங்கள் அதிகாரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு நாள் மாத்திரை தவறுகிறது என்பதை நினைவில் வைத்து, தபாலில் உத்தரவு வரும் வரை காத்திருக்காமல், தந்தியிலாவது தகவல் தெரிவிக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

கா. அப்துல் மஜீத்
(கையொப்பம்)

இடம்: சின்னசேலம்
நாள்: 09.03.1988

இணைப்பு:
1. பறிமுதல் ரசீது.
2. மருத்துவர் அவர்களின் கடிதம்.
3. எடை நோட்டு, 1979 முதல். (அசல். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பக் கோருகிறேன்.)
4. தொழிலாளர்கள் இருபத்திரண்டு பேரின் கையொப்பமும் கைரேகையும். இருபத்துமூன்றாவது இடம் செவ்வந்திக்காகக் காலியாக விடப்பட்டுள்ளது.